வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண்



தன்பால் ஈர்ப்புள்ள மாணவர்களும் திருநர் மாணவர்களும் பள்ளியில் படும் கேலி பெரும்பாலும் ஆசிரியரின் காதுபடவே நடக்கிறது. நளினமாக நடக்கும் பையனை ‘ஒன்பது’ என்று அழைப்பது தமிழ்நாட்டு வகுப்பறைகளில் பழகிப்போன வசை. வருகைப் பதிவின்போது அந்த எண் வந்ததும் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். ஆசிரியரும் உதட்டோரம் சிரித்துவிட்டால், அன்றிலிருந்து அது வகுப்பின் உரிமையாகிவிடும்.

அதை அந்த இடத்திலேயே, இரண்டு வார்த்தையில், கேலி செய்தவனைப் பார்த்து நிறுத்துவதே முறை. ‘பாவம், அவனை விடுங்கடா’ என்ற பரிவு, கேலிக்குள்ளானவனை மறுபடியும் எல்லோர் முன்னும் எழுப்பி நிறுத்துகிறது. நளினமாக நடப்பவர்கள் எல்லோரும் தன்பால் ஈர்ப்பாளர்கள் அல்லர். யார் எவர் என்று துப்பறிவது ஆசிரியரின் வேலையும் அன்று.

கேலி மிகுந்து நடக்கும் இடம் கழிப்பறை. இடைவேளையில் அங்கே போக அஞ்சும் பிள்ளை காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருக்கும்; அல்லது பாடம் நடக்கும்போது அனுமதி கேட்கும். அதைப் பாடத்துக்கு டிமிக்கி கொடுப்பதாக எண்ணித் திட்டும் ஆசிரியர்களே அதிகம்.

சட்டம் இப்பிள்ளைகளின் பக்கம் நிற்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்றது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் திருநர் மாணவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த, தன்பால் ஈர்ப்புள்ள இரு இளம்பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு பள்ளிகள் வரை நீண்டது: பாடத்திட்டத்தில் மாற்றம், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே பெற்றோருக்கு விளக்கம், பாலினப் பாகுபாடற்ற கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி. உத்தரவுக்கு முன் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து தன்பால் ஈர்ப்பு பற்றிக் கற்றுக்கொண்டார். அதை உத்தரவிலும் பதிவு செய்தார். நீதிபதிக்கு இல்லாத கூச்சம் ஆசிரியருக்கு எதற்கு? அதே ஆண்டில் திருநர் குழந்தைகள் பற்றி என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆசிரியர் கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் இணையதளத்திலிருந்து சில நாள்களில் காணாமற்போனது. மேலிருந்து கையேடு வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது ரகசியம் காப்பது. ஒரு பிள்ளை தன்னைப் பற்றி ஆசிரியரிடம் சொல்லிவிட்டால், ‘நாளைக்கு அப்பாவை அழைத்து வா’ என்பதுதான் பள்ளியின் அனிச்சைச் செயல். அந்த ஓர் அழைப்பில் சில பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகும். பெண்பிள்ளையானால் அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள். இல்லையென்றால் ‘குணப்படுத்த’ மருத்துவரிடமோ சாமியாரிடமோ கூட்டிப் போவார்கள். தன்பால் ஈர்ப்பு நோயல்ல; உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. தன்பால் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லி மருத்துவர் சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அறிவித்தது. ஆகவே பிள்ளையின் சம்மதமின்றி வீட்டுக்கும் ஆசிரியர் அறைக்கும் பேச்சு போகக் கூடாது. இதற்கு விதிவிலக்கு, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கும்போது மட்டும். அப்போதும் யாரிடம், எவ்வளவு சொல்லப்போகிறோம் என்பதை முதலில் அந்தப் பிள்ளையிடம் தெரிவித்துவிட்டு, தலைமை ஆசிரியரையோ 1098 குழந்தைகள் உதவி எண்ணையோ நாட வேண்டும்.