கூடுதல் விலை கொடுத்தால் கூடுதல் காலம் உழைக்குமா?
கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கோலா குபு பாரு, கெர்லிங், பத்தாங் காலி என்று எந்தப் பக்கம் போனாலும், கணினியில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆண்டிறுதியில் ஒரு பேச்சு எழும். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்பும் விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணமும் கையில் இருக்கும். கொமுட்டர் ரயிலேறி கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குப் போனால், கடைக்காரர் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை எடுத்து வைப்பார். ஒன்று நம் பணத்துக்கு அடங்கும். மற்றொன்று ஏறக்குறைய இரு மடங்கு விலை. "இதை வாங்கினால் பல வருடத்துக்குக் கவலையே இல்லை" என்பார்.

உண்மையிலேயே கவலை இல்லையா? இதற்கு விடை காண அறிவியலும் கொஞ்சம் கணிதமும் போதும்.

கார்டு என்ன வேலை செய்கிறது?

திரையில் ஓடும் விளையாட்டு, வேகமாக மாறும் படங்களின் வரிசைதான். ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்கிறோம். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்க 1000 ÷ 60, அதாவது 16.7 மில்லி விநாடிதான் அவகாசம். விநாடிக்கு 144 ஃபிரேம் என்றால் அவகாசம் 6.9 மில்லி விநாடியாகச் சுருங்கிவிடும்.

அந்த நேரத்துக்குள் எத்தனை பிக்சல்களை நிரப்ப வேண்டும் என்பதைத் திரை முடிவு செய்கிறது. 1920 × 1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல்கள் இருக்கின்றன. 4கே எனப்படும் 3840 × 2160 திரையில் அதைப் போல் சரியாக நான்கு மடங்கு.

உங்கள் வீட்டுத் திரை 1080 வகையாகவும் விநாடிக்கு 60 ஃபிரேம் மட்டுமே காட்டக்கூடியதாகவும் இருந்தால், கார்டு 150 ஃபிரேம் வரைந்தாலும் கண்ணுக்கு முன் வருவது 60தான். மிச்சத் திறனுக்குப் பணம் கொடுத்தும் அதைப் பார்க்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் என்ன வரைய வேண்டும் என்று கட்டளை தருவது கணினியின் செயலி. பழைய செயலி ஒரு ஃபிரேமுக்கான கட்டளையைத் தயாரிக்க 12 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். கார்டு 6 மில்லி விநாடியில் வரைந்து முடித்தாலும் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். கிடைப்பது விநாடிக்கு 83 ஃபிரேம். கார்டை மட்டும் மாற்றினால் இந்த எண் நகராது.

2018-இல் வாங்கியவரின் கணக்கு

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என்விடியா நிறுவனம் புதிய வரிசைக் கார்டுகளை வெளியிட்டது. அவற்றில் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ உச்சியில் இருந்தது. அதன் தொடக்க விலை 999 அமெரிக்க டாலர்; என்விடியா தானே விற்ற பதிப்பு 1,199 டாலர். இரண்டு படி கீழே இருந்த ஆர்டிஎக்ஸ் 2070 கார்டின் தொடக்க விலை 499 டாலர்.

இரண்டே ஆண்டுகளில், 2020 அக்டோபரில், ஆர்டிஎக்ஸ் 3070 வந்தது. விலை 499 டாலர். வேகம் ஏறக்குறைய 2080 டிஐ அளவுக்கு இருந்தது.

இப்போது இருவரை ஒப்பிடுவோம். முதலாமவர் 2018-இல் 999 டாலர் கொடுத்து உச்சிக் கார்டை வாங்கினார். இரண்டாமவர் 2018-இல் 499 டாலருக்கு ஒரு கார்டும், 2020-இல் 499 டாலருக்கு இன்னொரு கார்டும் வாங்கினார். மொத்தம் 998 டாலர். 2020 முடிவில் இருவரிடமும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். இரண்டாமவரிடம் விற்பதற்கு ஒரு பழைய கார்டும் மிச்சம்.

முதலாமவர் ஏமாந்தார் என்று சொல்லிவிட முடியாது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் அவர் கூடுதல் வேகத்தை அனுபவித்தார். அதோடு, 2020 இறுதியில் உலகம் முழுவதும் கார்டு தட்டுப்பாடு வந்தது. பெருந்தொற்றுக் காலத் தேவையும், கார்டுகளைக் கொண்டு மெய்நிகர் நாணயம் தோண்டியவர்களின் போட்டியும் சேர்ந்து, 499 டாலர் கார்டைச் சொன்ன விலைக்கு வாங்குவதையே கடினமாக்கின. அப்போது பழைய கார்டு கையில் இருந்தவர் நிம்மதியாக இருந்தார். எதிர்காலத்தைக் கணிப்பது எவ்வளவு சிக்கலானது என்பதை இதுவும் காட்டுகிறது.

நினைவகம்: ரொட்டி சானாய் கடைப் பாடம்

வேகம் ஒரு பக்கம். கார்டின் நினைவகம் வேறொரு பக்கம். பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள்.

ரொட்டி சானாய் போடுபவரைப் பாருங்கள். கல்லுக்குப் பக்கத்து மேசையில் மாவு உருண்டைகள் வரிசையாக இருக்கும். கை நீட்டினால் உருண்டை கிடைக்கும், வேலை ஓடும். மேசை சிறியதாக இருந்து, பாதி உருண்டைகள் பின்கட்டில் இருந்தால், அவர் எவ்வளவு கைத்திறன் உள்ளவரானாலும் அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். வாடிக்கையாளர் காத்திருப்பார்.

கார்டின் நினைவகம்தான் அந்த மேசை. சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் அதில் இருக்க வேண்டும். 4096 × 4096 பிக்சல் கொண்ட ஒரு மேற்பரப்புப் படத்தில், பிக்சலுக்கு 4 பைட் என்றால் 64 எம்பி ஆகிறது. சுருக்கி வைத்தால் பிக்சலுக்கு 1 பைட், அதாவது 16 எம்பி. 8 ஜிபி நினைவகம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினாலும் 512 படங்கள்தான் அடங்கும்.

இடம் போதாதபோது, கணினியின் பொது நினைவகத்திலிருந்து கொண்டுவர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டில், சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 288 ஜிபி எடுக்கலாம். கணினியோடு இணைக்கும் வழியாக வருவதோ விநாடிக்குச் சுமார் 16 ஜிபி. பதினெட்டு மடங்கு மெதுவு. அதனால்தான் சீராக ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு திடீரென்று தடுக்கித் தடுக்கி நிற்கிறது.

இந்த 4060 டிஐ கார்டு 2023-இல் இரண்டு வகையாக வந்தது. 8 ஜிபி வகை 399 டாலர். 16 ஜிபி வகை 499 டாலர். இரண்டிலும் ஒரே சில்லுதான். பெரும்பாலான விளையாட்டுகளில் வேகம் ஒன்றே. நினைவகம் அதிகம் கேட்கும் விளையாட்டுகளில் மட்டும் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது.

அதிக நினைவகம் எப்போதும் விலை உயர்ந்த கார்டில்தான் இருக்கும் என்றும் இல்லை. 329 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி. அதைவிட வேகமான, 399 டாலர் 3060 டிஐ கார்டில் 8 ஜிபி. விலைச் சீட்டை மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியாது.

எந்த அளவு போதும் என்று எப்படி ஊகிப்பது? விளையாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளை மனத்தில் வைத்தே விளையாட்டை வடிவமைக்கின்றன. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் மொத்த நினைவகம் 8 ஜிபி. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜிபி. பழைய கருவியைக் கைவிட்டுப் புதியதற்காக மட்டும் விளையாட்டுகள் வரத் தொடங்கியபோது, 8 ஜிபி கார்டுகள் திணறத் தொடங்கின. ஆகவே அந்தக் கருவிகளைக் கவனித்தால், அடுத்த சில ஆண்டுகளின் தேவையை ஓரளவு முன்கூட்டியே அறியலாம்.

வெள்ளம் வேறு பக்கத்திலிருந்து வரும்

எல்லாவற்றையும் ஊகித்துவிட முடியுமா? முடியாது. அதற்கு நம் ஊரே சாட்சி.

பழைய கோலா குபு நகரம் இப்போதைய இடத்தில் இல்லை. 1883-இல் அங்கிருந்த பழைய அணை உடைந்து பெரும் அழிவு ஏற்பட்டது. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் என்பவரும் அதில் மாண்டார். அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, உடைந்த அணை, என்றுதான் பெயர். நகரம் மீண்டும் எழுந்தது. ஆனால் அடுத்த ஆபத்து அணையிலிருந்து வரவில்லை. ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றில் படிந்து, ஆற்றுப் படுகை உயர்ந்து, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் மேட்டு நிலத்தில், நகரமைப்பு அதிகாரி சார்லஸ் ரீட் வகுத்த திட்டப்படி, புதிய நகரம் உருவானது. அதனால்தான் பெயரில் 'பாரு', புதியது, என்ற சொல் சேர்ந்தது. பழைய ஆபத்துக்காக எவ்வளவு செலவழித்திருந்தாலும் புதிய ஆபத்தை அது தடுத்திருக்காது.

கிராபிக்ஸ் கார்டிலும் இப்படி நடந்தது. 2017 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அன்றைய சிறந்த கார்டுகளில் ஒன்று. விலை 699 டாலர், நினைவகம் 11 ஜிபி. பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. ஆனால் 2018-இல், ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டுத் திரும்புகிறது என்று கணக்கிடும் தனிப் பகுதி புதிய கார்டுகளில் சேர்ந்தது. 2024 டிசம்பரில் வெளியான இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு அந்தப் பகுதி கட்டாயம். 399 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அதன் குறைந்தபட்சத் தேவையை நிறைவு செய்கிறது. வழக்கமான வேலையில் அதைவிட வேகமான 1080 டிஐ நிறைவு செய்யவில்லை. குறை வேகத்தில் இல்லை. வாங்கிய நாளில் யாரும் கேட்காத ஒரு வசதி அதில் இல்லை.

நல்லதும் எதிர்பாராமல் வரும். 2021-இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் என்ற நுட்பம், சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டி வேகத்தைக் கூட்டியது. பழைய கார்டுகளிலும், போட்டி நிறுவனத்தின் கார்டுகளிலும் அது இலவசமாக இயங்கியது.

மின்சாரமும் கணக்கில் சேரும்

இரண்டு கார்டுகளுக்கு இடையே 100 வாட் வித்தியாசம் என்று வைப்போம். தினமும் 3 மணி நேரம் விளையாடினால், ஆண்டுக்கு 0.1 × 3 × 365 = 109.5 யூனிட். ஒரு யூனிட் 40 சென் என்று கொண்டால் ஏறக்குறைய 44 வெள்ளி. பெரிய கார்டுக்குப் பெரிய மின்வழங்கிப் பெட்டியும் தேவைப்படலாம். அந்த 100 வாட் முழுவதும் கடைசியில் வெப்பமாக மாறி அறைக்குள்தான் வரும். இடி மின்னல் அதிகமுள்ள நம் பகுதியில், மழை வரும்போது பிளக்கைக் கழற்றுவது எந்த விலைக் கார்டுக்கும் நல்லது.

அப்படியானால் எதை வாங்குவது?

முதலில், இப்போது இருக்கும் திரையும் செயலியும் எவ்வளவு வேகத்தைப் பயன்படுத்த முடியும் என்று பாருங்கள். அதற்கு மேலான வேகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, அந்த வேக வரம்புக்குள் நினைவகம் அதிகமுள்ள கார்டைத் தேர்ந்தெடுங்கள். சிறு விலை வித்தியாசத்தில் நினைவகம் இரட்டிப்பானால் அது பெரும்பாலும் நியாயமான செலவு.

மூன்றாவது, மிச்சப் பணத்தைச் சேமிப்பில் வையுங்கள். கார்டுக்குள் போய்விட்ட பணத்தால் நாளைய புதிய வசதியை வாங்க முடியாது. சேமிப்பில் இருக்கும் பணத்தால் முடியும்.

4கே திரை ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்கும், முப்பரிமாணப் படம் உருவாக்கிச் சம்பாதிப்பவருக்கும் விலை உயர்ந்த கார்டு பொருத்தமாக இருக்கலாம். அவர்களுக்கு அது இன்றைய தேவை. "நாளைக்கு உதவும்" என்பது மட்டுமே காரணமாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு கார்டின் விலை 1,500 வெள்ளி. 4 ஆண்டு உழைக்கும். இன்னொன்றின் விலை 2,700 வெள்ளி. ஆண்டுச் செலவு இரண்டிலும் சமமாக, இரண்டாவது கார்டு எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும்? (விடை: முதல் கார்டுக்கு ஆண்டுக்கு 375 வெள்ளி. ஆகவே 2,700 ÷ 375 = 7.2 ஆண்டு.)

2. 2560 × 1440 திரையில் எத்தனை பிக்சல்கள்? 1080 திரையைப் போல் அது எத்தனை மடங்கு?

3. உங்கள் வீட்டுத் திரையின் அளவையும், விநாடிக்கு அது காட்டும் ஃபிரேம் எண்ணிக்கையையும் கணினி அமைப்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.