அரசரின் அநீதியைத் தடுத்த குடிமக்கள்

 

ஸஹீஹ் முஸ்லிமில் ஓர் அருமையான உரையாடல் பதிவாகியிருக்கிறது. மறுமை நாள் வரும்போது மக்களில் ரோமர்களே அதிகமாக இருப்பார்கள் என்ற நபிமொழியை முஸ்தவ்ரித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அருகில் இருந்த அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்கள், என்ன சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். அல்லாஹ்வின் தூதரிடம் கேட்டதைத்தான் சொல்கிறேன் என்று முஸ்தவ்ரித் (ரலி) உறுதியாகச் சொன்னதும், அம்ரு (ரலி) அதை ஏற்றுக்கொண்டு, அப்படியானால் அதற்குத் தகுந்த குணங்கள் அவர்களிடம் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்கிறார்கள். குழப்பம் வரும்போது நிதானம் காப்பவர்கள். சோதனைக்குப் பிறகு சீக்கிரம் தெளிந்து கொள்பவர்கள். பின்வாங்கினால் விரைவில் திரும்பி வருபவர்கள். ஏழைக்கும் அனாதைக்கும் பலவீனருக்கும் நல்லவர்கள். இந்த நான்கையும் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக அழகிய குணம் ஒன்றும் உண்டு என்று சேர்க்கிறார்கள்: அரசர்கள் செய்யும் அநீதியைத் தடுப்பதில் அவர்கள் மற்றவர்களை விட முன் நிற்பவர்கள்.

இதைச் சொன்னவர் யார் என்று கவனியுங்கள். அஜ்னாதைன் போரில் ரோமர்களை எதிர்த்து நின்றவர். மிஸ்ரை அவர்களின் கையிலிருந்து மீட்ட தளபதி. எதிரியின் பலவீனத்தைத் தேடித் தேடிப் பார்த்த கண்ணுக்கு எதிரியின் நல்ல குணமும் தெரிந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறானே, அந்த வசனத்தின் அமல் வடிவம் இது.

அந்த ஐந்தாவது குணத்திற்கு நம் காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. ஸ்பெயின். நாம் உந்துலுஸ் என்று பெருமூச்சோடு நினைக்கும் அதே மண்.

2003ஆம் ஆண்டு மார்ச் 16 அன்று அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவில் அமெரிக்க அதிபர் புஷ், பிரிட்டிஷ் பிரதமர் பிளேர் ஆகியோரோடு ஸ்பெயின் பிரதமர் அஸ்னாரும் கூடினார். நான்கு நாட்களில் ஈராக் மீது தாக்குதல் தொடங்கியது. பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அந்த ஆயுதங்கள் கடைசி வரை கிடைக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஈராக் பொதுமக்களின் உயிர் போனதுதான் மிச்சம்.

ஸ்பெயின் மக்கள் அந்தக் காரணத்தை ஆரம்பத்திலேயே நம்பவில்லை. கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஒன்பது பேர் இந்தப் போர் வேண்டாம் என்றார்கள். பிப்ரவரி 15 அன்று பார்சிலோனாவில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் இறங்கினார்கள். சினிமா விருது விழாவில் கலைஞர்கள் ‘போர் வேண்டாம்’ என்ற வாசகத்தைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்ல. பாக்தாதில் அவர்களுக்குச் சொந்தபந்தம் கிடையாது.

பிரதமர் கேட்கவில்லை. சுமார் 1,300 வீரர்கள் ஈராக்குக்கு அனுப்பப்பட்டார்கள். திவானிய்யாவிலும், அலீ (ரலி) அவர்களின் அடக்கத்தலம் இருப்பதாகக் கருதப்படும் நஜஃபிலும் முகாம் அமைத்தார்கள். அந்தப் படைப்பிரிவு தோளில் அணிந்திருந்த சின்னத்தில் சந்தியாகோவின் சிலுவை இருந்தது. ஸ்பெயின் வரலாற்றில் அந்தப் புனிதருக்கு ‘மூர்களைக் கொன்றவர்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. மூர்கள் என்றால் உந்துலுஸின் முஸ்லிம்கள். நஜஃபுக்குப் போகும் படைக்கு இந்தச் சின்னமா என்று ஸ்பெயினிலேயே விமர்சனம் எழுந்தது. 2003 நவம்பரில் ஸ்பெயின் உளவுத்துறையினர் 7 பேர் லதீஃபிய்யாவில் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்கள். 2004 ஏப்ரல் 4 அன்று நஜஃப் முகாமின் வாசலில் நடந்த மோதலில் ஈராக்கியர் சுமார் 20 பேர் உயிரிழந்தார்கள்.

இதற்கிடையில் எதிர்க்கட்சித் தலைவர் ஸபதேரோ, ஐ.நா. பொறுப்பேற்காவிட்டால் ஜூன் 30க்குள் படையைத் திரும்ப அழைப்பேன் என்று வாக்குறுதி கொடுத்திருந்தார். 2004 மார்ச் 14 அன்று நடந்த தேர்தலில் அவருடைய கட்சி வென்றது. ஏப்ரல் 17 அன்று பதவியேற்றார். மறுநாளே, ஆம், மறுநாளே, படை திரும்பட்டும் என்று அறிவித்தார். ஜூன் வரை காத்திருக்கவில்லை. மே மாதம் முடிவதற்குள் வீரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்களோடு இருந்த ஹோண்டுராஸ், டொமினிகன் குடியரசுப் படைகளும் கிளம்பின.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் பேச வேண்டும். தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 11 காலையில், மாட்ரிடில் வேலைக்குப் போகும் மக்கள் நிறைந்திருந்த நான்கு ரயில்களில் குண்டுகள் வெடித்தன. 190க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொன்னார்கள். அந்தக் குண்டுகள்தான் படையைத் திருப்பின என்று அன்று உலகத்தில் பலர் பேசினார்கள். வருத்தம் என்னவென்றால் நம்மிலும் சிலர் அதை ஒரு சாதனை போலப் பேசினார்கள்.

அது ஹராமான கொலை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. போர்க்களத்திலேயே பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, ரயிலில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையைக் கொல்ல யார் ஃபத்வா கொடுத்தது? இறந்தவர்களில் மொராக்கோவைச் சேர்ந்த முஸ்லிம்களும் இருந்தார்கள். அந்தப் போரை வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்களும் அந்த ரயில்களில் இருந்திருப்பார்கள். தேர்தல் முடிந்து ஸபதேரோ வென்ற பிறகும், ஏப்ரல் 2 அன்று அதிவேக ரயில் பாதையில் இன்னொரு குண்டு கண்டெடுக்கப்பட்டது. படை திரும்ப வேண்டும் என்பதுதான் நோக்கமாக இருந்தால் அந்தக் குண்டு எதற்கு? மறு ஆண்டு மார்ச் 11 அன்று ஸ்பெயின் இஸ்லாமியக் கமிஷன், இந்தக் கொலைபாதகத்தையும் இதற்குப் பின்னால் இருந்தவர்களையும் கண்டித்து ஃபத்வா வெளியிட்டது.

தேர்தல் முடிவில் குண்டுவெடிப்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முன் வந்த கணிப்புகளில் ஆளுங்கட்சிதான் சற்று முன்னால் இருந்தது. ஆனால் மக்களைக் கொதிக்க வைத்தது வேறு. குண்டு வைத்தது பாஸ்க் பிரிவினை அமைப்பான ஈட்டாதான் என்று அரசு பிடிவாதமாகச் சொல்லிக் கொண்டிருந்தது. சான்றுகள் வேறு பக்கம் போயின. போருக்குப் போனபோதும் உண்மை சொல்லவில்லை, எங்கள் மக்கள் செத்தபோதும் உண்மை சொல்லவில்லை என்ற கோபம் வாக்குச்சாவடிக்கு வந்தது. படையைத் திருப்பும் வாக்குறுதியோ குண்டுவெடிப்புக்கு முன்பே கொடுக்கப்பட்டது. பத்தில் ஒன்பது பேரின் எதிர்ப்பு அதற்கும் முந்தியது. கொலைகாரர்களுக்கு இதில் பெருமை தேட ஒன்றும் இல்லை.

பதவியேற்ற மறுநாளே என்று சொன்னேன். அதைப் படிக்கும்போது ஆலிம்களுக்கு ஒரு பெயர் உடனே நினைவுக்கு வரும்: உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்).

ஹிஜ்ரி 98இல் கலீஃபா சுலைமான், தம் சகோதரர் மஸ்லமாவின் தலைமையில் பெரும் படை ஒன்றைக் கான்ஸ்டாண்டிநோபிள் நகரை முற்றுகையிட அனுப்பினார். முற்றுகை நீண்டது. உணவு விஷயத்தில் எதிரி செய்த தந்திரத்தில் மஸ்லமா ஏமாந்து போனார். படை பசியில் விழுந்தது. சவாரிப் பிராணிகளை அறுத்துத் தின்றார்கள், தோலைத் தின்றார்கள், மரத்தின் வேரையும் இலையையும் தின்றார்கள் என்று தபரீ எழுதுகிறார். சுலைமானுக்குக் கோபம், நான் உயிரோடு இருக்கும்வரை மஸ்லமாவைத் திரும்ப அழைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார். அவருடைய கோபத்துக்கு அங்கே பட்டினி கிடந்தது சாதாரணச் சிப்பாய்.

ஹிஜ்ரி 99 ஸஃபர் மாதத்தில் தாபிக் என்ற இடத்தில் சுலைமான் இறந்தார். பொறுப்பு உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) தோளில் விழுந்தது. அடக்கம் முடிந்த கையோடு எழுதுகோலும் ஏடும் கேட்டார்கள். அந்த இடத்திலேயே மூன்று கடிதங்கள் எழுதினார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள்: என்ன அவசரம், வீட்டுக்குப் போகும்வரைகூடப் பொறுக்க முடியாதா, அதிகார ஆசையா என்று. மூன்றில் இரண்டு, கொடுமைக்காரர்களான அதிகாரிகளை நீக்கும் உத்தரவுகள். மற்றொன்று, மஸ்லமாவே படையோடு திரும்பி வா என்ற கட்டளை. முஸ்லிம்களின் பொறுப்பு தம் கைக்கு வந்தபின் அவர்களின் துன்பத்தை ஒரு நாழிகை தாமதிக்கவும் அல்லாஹ்விடம் தமக்கு அனுமதி இல்லை என்று அவர்கள் கருதினார்கள். அவசரத்திற்குக் காரணம் அதுவே என்று வரலாற்றாசிரியர் இப்னு அப்தில் ஹகம் விளக்குகிறார். வெறும் கடிதத்தோடு நிற்கவில்லை. திரும்பி வருவதற்குக் குதிரைகளும் உணவும் அனுப்பி வைத்தார்கள்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பெயினில் மக்கள் தள்ளித் தள்ளி ஆட்சியாளரைத் திருப்பினார்கள். இங்கே மக்கள் முணுமுணுத்துக் கொண்டிருக்க, ஆட்சியாளரின் தக்வா முன்னால் போனது. அப்படிப்பட்டவர் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காத காலத்துக்குத்தான் அம்ரு (ரலி) சொன்ன ஐந்தாவது குணம்.

போன படை திரும்புவது கோழைத்தனம் அல்லவா என்று கேட்பவர்கள் அபூதாவூதையும் திர்மிதியையும் புரட்டிப் பார்க்கட்டும். முஆவியா (ரலி) அவர்களுக்கும் ரோமர்களுக்கும் உடன்படிக்கை இருந்தது. தவணை முடிந்த உடனே பாயலாம் என்று படையை முன்கூட்டியே எல்லையை நோக்கி நகர்த்தினார்கள். குதிரையில் ஒருவர் தக்பீர் முழங்கிக்கொண்டே வந்து, வாக்கைக் காப்பாற்றுங்கள், துரோகம் வேண்டாம் என்றார். பார்த்தால் அம்ரு பின் அபஸா (ரலி). உடன்படிக்கை பற்றிய நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். முஆவியா (ரலி) படையோடு திரும்பிவிட்டார்கள். ஒற்றை மனிதரின் குரல், ஒரு ஹதீஸ், ஒரு படையே திரும்பியது.

இந்தச் செய்தியைப் பயானில் சொன்னபோது ஓர் இளைஞர் ஜும்ஆ முடிந்து வந்து கேட்டார்: “ஹஜ்ரத், பத்து லட்சம் பேர் ஊர்வலம் போயும் போர் நிற்கலையே, அப்புறம் என்ன பிரயோஜனம்?” நியாயமான கேள்வி. போர் நிற்கவில்லைதான். ஊர்வலத்துக்கும் படை திரும்பட்டும் என்ற அறிவிப்புக்கும் நடுவே 14 மாதங்கள் ஓடின. அந்த 14 மாதமும் அவர்கள் மறக்கவில்லை என்பதுதான் விஷயம். நம் வழக்கம் வேறு. ஒரு வாரம் கொதிப்போம், குனூத் ஓதுவோம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவோம், அடுத்த வாரம் வேறு படம் வந்துவிடும்.

ஸபதேரோவை வலியுல்லாஹ் ஆக்க வேண்டாம் என்றும் அந்த இளைஞரிடம் சொன்னேன். ஈராக்கிலிருந்து படையை அழைத்த அதே ஆண்டில் ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதல் வீரர்களை அனுப்பியதும் அவருடைய அரசுதான். நல்ல செயலை மெச்சுகிறோம். ஆளுக்கு நற்சான்று எழுதவில்லை.

நம் நாட்டிடமும் ஈராக்குக்குப் படை கேட்கப்பட்டது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். 2003 ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் அந்தப் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஜூலையில், ஐ.நா.வின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் அனுப்ப முடியாது என்று வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. போகாத படையைத் திரும்ப அழைக்கும் வேலை இல்லை. இதையும் நீதியோடு சொல்லத்தான் வேண்டும்.

அநீதியிழைப்பவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு என்ற நபிமொழியைக் கேட்ட ஸஹாபாக்கள், ளாலிமுக்கு எப்படி உதவுவது என்று வியந்து கேட்டார்கள். அவனுடைய கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். புகாரியில் வரும் ஹதீஸ். தன் நாட்டு அரசு அநியாயமான போருக்குப் போகும்போது குடிமகன் தன் நாட்டுக்குச் செய்யும் விசுவாசம் இதுதான். தேசத்துரோகி என்று பெயர் வரும். மாட்ரிடிலும் அந்தப் பேச்சு வந்தது.

முஸ்லிம் அல்லாதவர்கள் நடத்தும் இப்படிப்பட்ட முயற்சிகளில் நாம் சேரலாமா என்று சிலர் மஸ்அலா கேட்கிறார்கள். ஹில்ஃபுல் ஃபுழூல் என்ற உடன்படிக்கை நபித்துவத்துக்கு முன்பு மக்காவில் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் நடந்தது. கூடியிருந்த குறைஷித் தலைவர்கள் சிலை வணங்கிகள். ஸுபைத் குலத்தைச் சேர்ந்த ஒரு வெளியூர் வியாபாரியிடம் சரக்கை வாங்கிக்கொண்டு மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் பணம் தர மறுத்தார். பாதிக்கப்பட்டவர் அபூகுபைஸ் மலை மீது ஏறிக் கத்தினார். எந்த ஊராராக இருந்தாலும் பாதிக்கப்பட்டவரோடு நிற்போம் என்று அவர்கள் சத்தியம் செய்து, போய் உரிமையை வாங்கிக் கொடுத்தார்கள். வாலிபராக அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அதை நினைத்து மகிழ்ந்தார்கள். செந்நிற ஒட்டகங்களைக் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது, இன்றும் அப்படி ஓர் அழைப்பு வந்தால் போவேன் என்ற கருத்தில் சொன்னார்கள். மஸ்அலாவுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

அந்தப் பணத்தைத் தர மறுத்த பெரிய மனிதரின் பெயர் ஆஸ் பின் வாயில். ரோமர்களின் ஐந்தாவது குணத்தைச் சொன்ன அம்ரு (ரலி) அவர்களின் தந்தை.

ஈராக்கில் அந்தப் போரில் தாயையும் தகப்பனையும் இழந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும், மாட்ரிட் ரயில்களில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் அல்லாஹ் ஆறுதல் தருவானாக. ஆமீன்.