ஃபெராரியும் ஊர்க் கண்ணும்

கேள்வி: ஃபெராரி, லம்போகினி வைத்திருப்பவர்களுக்கு ஓட்டுவதில் சந்தோசமா, ஊரே திரும்பிப் பார்ப்பதில் சந்தோசமா?
– வாசகர், மாவடிப்பள்ளி

பதில்: இரண்டும்தான். ஆனால் ஊர் பார்ப்பது வில்லங்கத்திலும் முடியும். பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களைச் சமன்செய்த சச்சினுக்கு 2002இல் ஃபெராரி 360 மொடெனா பரிசாகக் கிடைத்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் திடலில் வைத்துச் சாவியைக் கொடுத்தவர் கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர். 400 குதிரைவலு இயந்திரம். சந்தோசத்துக்குக் கேட்கவா வேண்டும்! இந்தியாவுக்குக் கொண்டுவர ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சுங்கவரி வந்தது. அரசாங்கம் விலக்குக் கொடுத்ததும், கோடீஸ்வரருக்கு எதற்குச் சலுகை என்று நாடே கேட்டது, வழக்கும் வந்தது. (சதமடித்தபோது கைதட்டியவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.) கடைசியில் வரியை, காரைப் பரிசளித்த ஃபியட் நிறுவனமே கட்டியது. 2011இல் அந்தக் கார் சூரத் வியாபாரி ஒருவரின் கைக்குப் போனது.

நம் இலங்கையில் 2020 முதல் நின்றிருந்த கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. வரியைக் கேட்டால் சாதாரணக் காருக்கே தலைசுற்றும். காசு இருந்தாலும், மாரியில் வெள்ளம் ஏறும் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் நிலத்தை உரசும் ஃபெராரியை என்ன செய்வீர்கள்? நம் பக்கத்துக்கு உயரமான பிக்கப்தான் சரி, தம்பி.