பக்கெட் மூடியை வெட்டிய அம்மா

கோயம்புத்தூரில் கிரைண்டர் கம்பெனிகளில் முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் நான். முதல் பாதி சர்வீஸ், பின் பாதி வடிவமைப்பு. எங்கள் காலத்தில் வாடிக்கையாளர் என்றால் புகார்ப் புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். இப்போது ‘கம்யூனிட்டி மேனேஜர்’ என்று நியமன உத்தரவோடு பிள்ளைகள் வருகிறார்கள். பொருளை வாங்கினவர்களைக் கூட்டம் சேர்த்து, அடுத்த பொருளுக்கான யோசனையை அவர்களிடமே வாங்குவது வேலையாம். நல்ல வேலைதான். இந்த வாரம் அதில் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்களில் பாதி டென்மார்க்கின் லெகோ கம்பெனியைப் பற்றி இருக்கும். பிளாஸ்டிக் கட்டைக்கும் மாவாட்டுகிற கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அவர்கள் விழுந்ததும் எழுந்ததும் நாலு பேர் பார்க்க நடந்தது. அதனால் நமக்குப் படிக்க வசதி.

1. கூட்டம் சேர்க்கக் கிளம்பாதீர்கள். அது ஏற்கெனவே எங்கேயோ கூடியிருக்கிறது.

லெகோ 1932ல் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒரு தச்சர் தொடங்கிய கம்பெனி. குழந்தைகளுக்குத்தான் விற்கிறோம் என்று அவர்கள் நினைத்திருந்த காலத்திலேயே, வளர்ந்தவர்கள் பலர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் கட்டைகளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் தேடிப்பிடித்து ஊருக்கு ஊர் குழுவும் அமைத்துக்கொண்டார்கள். கம்பெனி அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

1998ல் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ வந்தது. கட்டைகளோடு மோட்டார், தொட்டாலும் வெளிச்சம் பட்டாலும் அறிகிற உணரிகள், நடுவில் கைக்கடக்கமான ஒரு கணினி. கடைக்கு வந்து சில வாரம்கூட ஆகவில்லை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அந்தக் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்த்து ஊருக்கே சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு வேறு சிலர் சொந்தமாக மென்பொருளே எழுதினார்கள். வழக்குப் போடலாமா என்ற பேச்சு கம்பெனிக்குள் வந்தது. கடைசியில் போடவில்லை. அதோடு நிற்காமல், பிரித்து மாற்றிக்கொள்ளும் உரிமையை மென்பொருள் உரிமத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பாமல் இருந்ததும் ஒரு வேலைதான் என்று உங்கள் மேலதிகாரிக்குப் புரியவைப்பது கஷ்டம். மாதாந்திர ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

2. பொருளைப் புகழ்கிறவரிடம் அப்புறம் போகலாம். முதலில் பொருளை மாற்றிப் பயன்படுத்துகிறவர் வீட்டுக்குப் போங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். டேபிள் டாப் கிரைண்டரில் அரிசி கொஞ்சமாகப் போட்டால் மாவு டிரம்மின் சுவரில் ஏறி ஒட்டிக்கொள்கிறது, கல்லுக்கு அடியில் போவதில்லை. பக்கெட் மூடியை வெட்டி, மாவை வழித்துவிடும் உங்கள் தகட்டோடு சேர்த்து நூலால் கட்டியிருக்கிறேன், இப்போது இறங்குகிறது, யாராவது வந்து பார்த்தால் நல்லது. இதுதான் கடிதம்.

கம்பெனி அனுப்பிய பதில், அங்கீகாரம் இல்லாத பாகத்தைப் பொருத்தினால் வாரண்டி செல்லாது என்பது. அந்தப் பதிலை எழுதியவன் நான்தான்.

ஒரு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, முகவரி ஞாபகம் வந்து அவர் வீட்டுக்குப் போனேன். கோபம் காட்டவில்லை, மோர் கொடுத்தார். நீல நிற மூடி. காய்ச்சின கத்தியால் வெட்டியது, ஓரமெல்லாம் உருகிச் சுருண்டிருந்தது. கீழ் நுனியை மட்டும் நாக்கு மாதிரி உள்பக்கம் வளைத்துவிட்டிருந்தார். எங்கள் தகடு டிரம்மின் பாதி உயரத்தோடு நின்றுவிடும். அவருடையது அடிவரை போய், ஏறுகிற மாவை மடக்கிக் கல்லுக்கு முன்னால் தள்ளியது. ஒரு டம்ளர் அரிசியைப் போட்டு ஓட்டிக் காட்டினார்.

“ஏனுங்க, உங்க இஞ்சினியருங்க வூட்ல மாவாட்றதே இல்லீங்களா?” என்று கேட்டார். பிறகு சொன்னார்: “பசங்க ரெண்டும் ஹாஸ்டலுக்குப் போயாச்சுங்க. ரெண்டு பேருக்கு எதுக்குங்க அத்தனை மாவு?”

எங்கள் சோதனைக் கூடத்தில் கிரைண்டரை எப்போதும் முழு அளவுக்கு நிரப்பித்தான் ஓட்டுவோம். அரை டிரம் ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வீடுகள் சின்னதாகிக்கொண்டு வருகின்றன என்பது எங்கள் விற்பனைப் பிரிவுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தப் பக்கெட் மூடிக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பி வந்து கூட்டத்தில் சொன்னேன். புது அச்சுக்கு ஆகும் செலவைக் காட்டி இரண்டு வருஷம் இழுத்தார்கள். அதற்குள் இன்னொரு கம்பெனியின் கிரைண்டர் அடிவரை தகடோடு வந்துவிட்டது.

இப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக இருந்த எரிக் வான் ஹிப்பல் 1986ல் ஒரு பெயர் வைத்தார்: ‘லீட் யூசர்’. முன்னோடிப் பயனர் என்று வைத்துக்கொள்ளலாம். அடையாளம் இரண்டு. நாளைக்கு எல்லோருக்கும் வரப்போகிற தேவை அவருக்கு இன்றைக்கே வந்திருக்கும். அது தீர்ந்தால் அவருக்குப் பெரிய ஆதாயம் இருப்பதால், நமக்காகக் காத்திராமல் தானே ஏதாவது செய்து பார்த்திருப்பார். அப்படி ஒருவர் லெகோவுக்கும் கிடைத்தார். சிகாகோவில் ஆடம் ரீட் டக்கர் என்ற கட்டடக் கலைஞர் வானளாவிய கட்டடங்களை லெகோ கட்டைகளில் கட்டிக்கொண்டிருந்தார். 2008ல் சியர்ஸ் டவரோடும் ஜான் ஹான்காக் சென்டரோடும் வந்த லெகோவின் ‘ஆர்க்கிடெக்சர்’ வரிசை அவரிடமிருந்து பிறந்ததுதான். பெரியவர்கள் வாங்கி அலமாரியில் வைக்கிற லெகோ. பில்லுண்டில் உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

3. வாக்கெடுப்பு நடத்துவதற்கு முன்னால், ஜெயிப்பதை நிறைவேற்ற முடியுமா என்று பாருங்கள்.

2016ல் பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆராய்ச்சிக் கழகம், துருவ ஆராய்ச்சிக்கான தன் புதுக் கப்பலுக்குப் பெயர் வைக்க மக்களைக் கேட்டது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் வாக்கு வாங்கி முதலில் வந்த பெயர் ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’. தமிழில் ‘படகுமூஞ்சிப் படகையா’ என்று சொன்னால் அந்தக் கிண்டல் ஓரளவு பிடிபடும். கடைசி முடிவு எங்களுடையது என்று விதியில் இருந்தது. ஆனால் விதியை யார் படிக்கிறார்கள்? கப்பலுக்கு இயற்கை ஆர்வலர் டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்துவிட்டு, அதிலிருந்து இறக்குகிற ஆளில்லா நீர்மூழ்கிக்கு மக்கள் கொடுத்த பெயரை வைத்துச் சமாளித்தார்கள். சாமர்த்தியம்தான். உங்களிடம் தர ஒரு நீர்மூழ்கி இருக்காது.

4. பாதிக் கேள்வி கேட்காதீர்கள்.

கோகோ கோலா 1985ல் புதுச் சுவையைக் கொண்டுவருவதற்கு முன் சுமார் இரண்டு லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தது. புதியது பிடித்திருக்கிறது என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். பழையதை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதைத்தான் உரியபடி கேட்கவில்லை. மூன்று மாதத்துக்குள் பழையது ‘கிளாசிக்’ என்ற பெயரில் கடைக்குத் திரும்பிவிட்டது.

5. ஆயிரம் பேரின் கருத்தைவிட நாலு பேரின் நேரம் பெரிது.

மைண்ட்ஸ்டார்ம்ஸின் அடுத்த வடிவம் 2006ல் வந்தது. அதற்கு வெகு முன்பே, வெளியில் மூச்சு விடக் கூடாது என்ற நிபந்தனையோடு, லெகோ நாலு ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. மாதக்கணக்கில் மின்னஞ்சல் போக்குவரத்து. எந்த உணரி வேண்டும், மென்பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று அவர்கள் எழுத எழுத, கம்பெனி இஞ்சினியர்கள் பதில் எழுதினார்கள். பிறகுதான் குழு பெரிதானது.

அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கிடைத்தது லெகோ பெட்டிகள். டென்மார்க் போனபோது விமான டிக்கெட்டைக்கூடத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கதையைப் பயிற்சி வகுப்புகளில் ரொம்பப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு. ஆசைப்பட்டு வருகிறவரிடம் காசு பேசினால் உறவு கெடும் என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காக டிக்கெட்டுமா? நீங்கள் யாரையாவது ஆலைக்கு அழைத்தால் பஸ் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் கொடுத்துவிடுங்கள். அதுவே அவருக்குப் பெரிய மரியாதை.

6. யோசனை யாருடையது, அதில் அவருக்கு என்ன என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள்.

லெகோ 2008ல் ஜப்பானில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தான் வடிவமைத்த மாதிரியைக் காட்டலாம், போதுமான ஆதரவு கிடைத்தால் கம்பெனி அதைத் தயாரிக்கப் பரிசீலிக்கும். முதலில் வந்தது ‘ஷின்காய் 6500’ என்ற ஆழ்கடல் நீர்மூழ்கி. பிறகு உலகம் முழுக்க விரிந்து, 2014 முதல் ‘லெகோ ஐடியாஸ்’ என்ற பெயரில் நடக்கிறது. பத்தாயிரம் பேர் ஆதரித்தால் பரிசீலனைக்குப் போகும். தயாரிப்புக்கு வந்தால் நிகர விற்பனையில் ஒரு சதவீதம் யோசனை சொன்னவருக்கு. பெட்டியோடு வரும் கையேட்டில் அவரைப் பற்றியும் எழுதுவார்கள். 2017ல் வந்த சாட்டர்ன் 5 ராக்கெட் அப்படி வந்ததுதான். அதில் மொத்தம் 1,969 துண்டுகள். அந்த ராக்கெட்டில் போய் மனிதன் நிலவில் இறங்கிய வருஷமும் 1969தான்.

ஒரு சதவீதம் சரியா, குறைவா என்று வாதாடலாம். நான் பார்ப்பது, அந்த எண் முன்கூட்டியே சொல்லப்பட்டது என்பதை. நம் ஊரில் பரிசு என்று ஒரு ஹாட் பாக்ஸைக் கொடுத்து, மேடையில் போட்டோவும் எடுத்து, யோசனையைக் கம்பெனிப் பெயரில் பதிந்துகொள்வார்கள். அடுத்த வருஷம் அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

7. ‘முடியாது’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், காரணத்தோடு.

லெகோவின் அந்த ஏற்பாடு தொடங்கிய ஆரம்ப நாட்களில், ‘ஷான் ஆஃப் தி டெட்’ என்ற பிரிட்டிஷ் படத்தில் வரும் மதுக்கடையை ஒருவர் லெகோவில் கட்டிக் காட்ட, பத்தாயிரம் ஆதரவும் சேர்ந்துவிட்டது. பிணங்கள் எழுந்து நடக்கிற படம், சிறுவர் பொம்மைக்கு ஒத்துவராது என்று கம்பெனி வெளிப்படையாக மறுத்தது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் அடுத்த மாதிரிகளைக் கொண்டுவந்து காட்டுவதை நிறுத்தவில்லை. பதிலே வராத யோசனைதான் ஆளை விரட்டும். என் வாரண்டிப் பதிலைவிட மோசமானது அது ஒன்றுதான்.

சொல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் லெகோவிலேயே உதாரணம் உண்டு. 2004 வாக்கில் சாம்பல் நிறக் கட்டைகளின் சாயலைக் கொஞ்சம் நீலம் கலந்தாற்போல் மாற்றினார்கள். குழந்தைகளுக்கு அது ஒரு விஷயமில்லை. இருபது வருஷமாகக் கட்டை சேர்த்துக் கோட்டையும் கப்பலும் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கோ பழையதும் புதியதும் ஒட்டவில்லை, சுவரில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கொதித்துப் போனார்கள். பழைய நிறம் திரும்பவில்லை.

8. சத்தமாகப் பேசுகிறவர்கள்தான் சந்தை என்று நம்பிவிடாதீர்கள்.

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. கூட்டத்துக்கு வருகிறவர், நாள் தவறாமல் எழுதுகிறவர், உங்கள் பொருளின் மேல் பைத்தியமாக இருக்கிறவர். அவர் கேட்டதையெல்லாம் சேர்த்தால் கிரைண்டரில் பதினொரு பட்டன் வரும். ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேறு கம்பெனிக்குப் போனவர்களிடமும் மாதம் பத்துப் பேரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள்.

9. வாடிக்கையாளர் கூடுகிற இடத்தில் விற்காதீர்கள். ஹார்லி டேவிட்சன் 1983ல் தன் ஓட்டுநர்களுக்குக் கழகம் தொடங்கியபோது கம்பெனி ஆட்களும் கூடவே வண்டி ஓட்டிப் போனார்கள். நீங்கள் அந்தம்மா வீட்டில் உட்கார்ந்து மாவாட்டுங்கள். வழிக்கிற வேலையையும் நீங்களே செய்யுங்கள்.

10. திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பழுதுக்கு வரும் மெஷினில் வாடிக்கையாளர் கட்டிவைத்த கம்பி, சுற்றிய துணி, ஒட்டிய ரப்பர் எல்லாவற்றையும் மெக்கானிக் முதல் வேலையாகக் கழற்றிக் கூடையில் வீசிவிடுவார். ரிப்பேர் கார்டில் அதெல்லாம் ஏறாது. அந்தக் கூடையைக் கிளறிப் பாருங்கள். எந்த மெஷினிலிருந்து வந்தது, யார் வீட்டு மெஷின் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்குக் கூட்டுகிற அம்மா வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்.