வாதில் வெல்வதா, உண்மையை அறிவதா?



நம் தோட்டங்களிலே பேச்சுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. கொழுந்து மடுவத்திலும், லயத்து இஸ்தோப்பிலும், ஞாயிறு பூசை முடிந்த பின் கோவில் முற்றத்திலும் சம்பளத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி வந்தோம். இன்று அவற்றோடு புதியதொரு பொருள் சேர்ந்திருக்கிறது. வானத்திலிருந்து இணையம் வருகிறதாம். இயந்திரம் கொழுந்து எடுக்கப் போகிறதாம். கணினி மனிதனைப் போலச் சிந்திக்கிறதாம். கைத்தொலைபேசியில் இப்படியொரு செய்தி வந்தால் போதும், அரை மணி நேரத்தில் வீடு இரண்டு கட்சியாகி விடுகிறது. செய்தி மறுநாள் மறந்துவிடும். அண்ணனும் தம்பியும் சொல்லிக்கொண்ட சொற்கள் மறப்பதில்லை.

அறிய விரும்புவது குற்றமன்று. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டிலே, செய்தி அறியும் உரிமை மனிதருக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால், அந்தச் செய்தி உண்மையாய் இருக்க வேண்டும், நீதியையும் அன்பையும் மீறக் கூடாது என்றும் அது வற்புறுத்தியது. உண்மை, நீதி, அன்பு: இம்மூன்றும் நம் வாதங்களில் இருக்கின்றனவா? இதையே இவ்வாரம் சிந்திப்போம்.

ஒரு பலூனின் கதை

2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கை அரசின் தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையமும் கூகிள் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 'லூன்' என்பது திட்டத்தின் பெயர். ஏறக்குறைய 20 கிலோமீற்றர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, பெரிய பலூன்களை மிதக்கவிட்டு, அவற்றின் மூலம் நாடு முழுவதற்கும் இணைய இணைப்பைக் கொடுப்பது நோக்கம். பலூன்கள் மிதக்கும் கோபுரங்களாக நிற்கும்; உள்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் அவற்றைப் பயன்படுத்தி மக்களுக்குச் சேவை வழங்கும். இதுதான் திட்டம். ஆனால் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை இனி எங்கும் இணையம் என்ற பேச்சு, காற்றிலே பலூனைவிட வேகமாகப் பறந்தது.

2016 பெப்ரவரியில் சோதனைக்காக முதலாவது பலூன் இலங்கை வான்பரப்புக்குள் வந்தது. சில நாட்களில் அது கம்பளைப் பகுதியில், ஒரு தேயிலைத் தோட்டத்திலே, காற்று இறங்கிக் கிடக்கக் காணப்பட்டது. விழுந்து விட்டது என்று சில செய்திகள் கூறின. இல்லை, திட்டமிட்டபடியே இறக்கப்பட்டது என்று அதிகாரிகள் விளக்கினர். பின்னர் அலைவரிசை ஒதுக்குவதிலே சிக்கல் எழுந்தது. இலங்கையில் திட்டம் நின்று போயிற்று. 2021 ஜனவரியில் அந்த நிறுவனமே லூன் திட்டத்தை மூடிவிட்டது.

அப்படியானால் பலூனை நம்பியவர்கள் ஏமாளிகள், ஏளனம் செய்தவர்கள் அறிவாளிகள் என்று தீர்ப்புச் சொல்லலாமா? சற்றுப் பொறுங்கள். 2017இல் பெரு நாட்டின் வெள்ளத்தின் போதும், அதே ஆண்டு புவர்ட்டோ ரிக்கோத் தீவைப் புயல் சிதைத்த போதும், இந்தப் பலூன்கள்தாம் பலருக்குத் தொடர்பை மீட்டுக் கொடுத்தன. 2020இல் கென்யாவிலும் அவை சேவையில் இருந்தன. ஆக, கருவி உண்மையானது, வாக்குறுதிதான் நிறைவேறவில்லை. வானத்திலிருந்து இணையம் வராது என்று அடித்துச் சொன்னவர்களும் தவறினர்: 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்னும் செய்மதிச் சேவை இலங்கையில் தொடங்கியது. லயத்துக் குடும்பத்தின் கைக்கு அதன் விலை எட்டுமா என்பது வேறு கேள்வி.

மூன்று கேள்விகள்

இக்கதையிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. எந்தத் தொழில்நுட்பச் செய்தியிலும் மூன்று பொருள்கள் கலந்து வருகின்றன. நடந்தது ஒன்று, நடக்கும் என்று ஒருவர் சொன்னது மற்றொன்று, நாம் ஆசைப்படுவது அல்லது அஞ்சுவது மூன்றாவது. ஒப்பந்தம் கையெழுத்தானது நடந்தது. நாடெங்கும் இணையம் என்பது சொன்னது. நம் பிள்ளை மலை உச்சிக்கு ஏறாமல் வீட்டிலிருந்தே படிக்கும் என்பது நம் ஆசை. ஒருவர் முதலாவதைப் பற்றிப் பேச, மற்றவர் மூன்றாவதைப் பற்றிப் பதில் சொன்னால், விடிய விடியப் பேசினாலும் முடிவு வராது. வாதம் சூடாகும்போது, "நாம் இப்போது எதைப் பற்றிப் பேசுகிறோம்: நடந்ததையா, சொன்னதையா, நினைப்பதையா?" என்று ஒருவர் கேட்டால் போதும். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

எச்சரிக்கையை ஏளனம் செய்யாதீர்கள்

எல்லாவற்றையும் சந்தேகிப்பதே அறிவு என்று நினைத்து விடவும் கூடாது. நம் பதுளை மாவட்டம் இதைக் கண்ணீரோடு கற்றிருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையிலே நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அந்த மக்கள் அறிவில்லாமல் இறந்தார்கள் என்று ஒருவரும் சொல்லத் துணியக் கூடாது. போவென்றால் எங்கே போவது? மாற்று வீடும் காணியும் கொடுக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுப்பது, பசித்தவனிடம் "நன்றாகச் சாப்பிடு" என்று சொல்வது போலாகும். யாகப்பர் தம் திருமுகத்திலே (2:15-16) கண்டிப்பது இத்தகைய வாய்ச்சொல்லைத்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் நம் மலைகள் பல இடங்களில் சரிந்து உயிர்களைக் கொண்டு போயின. ஆகவே மஞ்சள் என்றால் கவனித்திரு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாயிரு, சிவப்பு என்றால் வெளியேறு என்று அந்த நிறுவனம் அறிவிக்கும்போது, "இவர்கள் எப்பொழுதும் இப்படித்தான்" என்று நகைப்பவர் ஒரு வாதத்தில் வெல்லலாம்; ஒரு குடும்பத்தை இழக்கலாம்.

எட்டாம் கற்பனை

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்னும் எட்டாம் கற்பனை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதென்று பலர் எண்ணுகின்றனர். 1992ஆம் ஆண்டு வெளியான மறைக்கல்வி நூல் (எண் 2477) இக்கற்பனைக்கு எதிரான மூன்று பாவங்களை எடுத்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றி அயலானிடம் குற்றம் இருப்பதாக மனத்திற்குள் முடிவு கட்டுவது ஒன்று. தக்க காரணமின்றி ஒருவருடைய உண்மையான குறையை அறியாதவரிடம் போய்ச் சொல்வது இரண்டு. பொய் சொல்லி ஒருவருடைய நற்பெயரைக் கெடுப்பது மூன்று. "எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்" என்பது இம்மூன்றுக்கும் சாக்காகாது.

2018 பெப்ரவரியில், நம் ஊவாவை அடுத்துள்ள அம்பாறையிலே என்ன நடந்தது? உணவுக் கடையொன்றில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. கூட்டம் திரண்டது, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் காட்டியது. ஒருவருக்கு உணவில் கலந்து கொடுத்து அவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லை என்று மருத்துவர்கள் விளக்கினர். உடைந்த கடைக்கு அந்த விளக்கம் என்ன பயன் தரும்? பாப்பரசர் பிரான்சிஸ் அதே ஆண்டு, சமூகத் தொடர்பு நாளுக்கான தம் செய்தியிலே, ஏதேன் தோட்டத்துப் பாம்பை நினைவூட்டினார். ஒரு மரத்தை மட்டும் விலக்கச் சொன்னார் இறைவன்; எல்லா மரங்களையுமா விலக்கினார் என்று கேட்டது பாம்பு. முழுப் பொய்யை யாரும் எளிதில் விழுங்குவதில்லை. கொஞ்சம் உண்மையைத் தடவிக் கொடுத்த பொய்தான் தொண்டைக்குள் இறங்குகிறது.

எதிர்த்துப் பேசுபவரும் உடன்பிறப்பே

வாதிடுவதே தவறென்று திருச்சபை போதிக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமாஸ் அக்குவினாஸ் பெரும் வாதக்காரர். அவருடைய முறை என்ன? ஒரு கேள்வியை எடுத்ததும், தமக்கு எதிரான காரணங்களையே முதலில் வரிசையாக எழுதுவார். அதற்குப் பிறகே தம் பதிலைச் சொல்லி, அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் விடை கூறுவார். எதிராளியின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல முடியாதவர், அதை மறுக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.

புனித இஞ்ஞாசியார் தம் ஞானப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே ஒரு விதியை வைத்தார். அயலான் சொன்னதைக் குற்றமாகக் கொள்வதைவிட, நல்ல பொருளில் எடுத்துக்கொள்ளவே கிறிஸ்தவன் முந்த வேண்டும். முடியாவிட்டால், எந்தக் கருத்தில் சொன்னாய் என்று அவனிடமே கேட்க வேண்டும். தவறென்று தெரிந்தால் அன்போடு திருத்த வேண்டும். கேட்பதற்கு முன்பே பதில் சொல்பவனைப் பழமொழி ஆகமமும் (18:13) மூடனென்றே பழிக்கிறது.

நம் ஊவா மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ, அ.ம.தி., 1980ஆம் ஆண்டு புத்தலப் பகுதிக்குச் சென்று, பௌத்த கிராமத்து ஏழைகளிடையே வாழ்ந்தார். போதிக்கும் முன் அவர்களுக்குச் செவிகொடுத்தார். 1987 நவம்பர் 10ஆம் நாள், திருப்பலி வேளையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பிற சமயத்தவருக்கே அவர் அவ்வளவு செவிகொடுத்தார் என்றால், ஒரே கூரையின் கீழ் வாழும் நாம் ஒருவருக்கொருவர் செவிகொடுக்க மாட்டோமா?

கொழுந்து இயந்திரம்: ஒரு பயிற்சி

கற்றதை நமக்கு நெருக்கமான ஒன்றில் பழகிப் பார்ப்போம். "இனி இயந்திரந்தான் கொழுந்து எடுக்கும், பேர் கிடைக்காது" என்று ஒரு செய்தி வருகிறது. "இயந்திரம் செடியைக் கெடுத்துவிடும்" என்கிறார் நாற்பது ஆண்டு மலையேறிய அப்பாயி. "கூடை சுமக்கும் பாரம் குறையுமே" என்கிறான் பேரன். சண்டை தொடங்குகிறது.

முதலில் நடந்தது என்ன? கத்தரியும் கையில் பிடிக்கும் சிறு இயந்திரமும் சில தோட்டங்களில் பயன்படுகின்றன. நம் தோட்டத்திற்கு வந்திருக்கிறதா? வந்திருந்தால் எத்தனை? அடுத்து, சொன்னது யார்? இயந்திரம் விற்பவரா, நிர்வாகமா, பெயரில்லாத ஒருவரா? மூன்றாவது, நம் அச்சம் என்ன? பிழைப்புப் போய்விடும் என்பது. அது வீண் அச்சமன்று. அதைக் கேலி செய்வது பாவம்.

இப்படிப் பிரித்தால் இருவரிடமும் உண்மை இருப்பது தெரியும். கை, இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் பார்த்துக் கிள்ளும். இயந்திரம் பார்க்காது, முற்றிய இலையையும் தண்டையும் சேர்த்தே வெட்டும். நம் மலைச்சரிவுகளில் அதைத் தூக்கி நடப்பதும் எளிதன்று. அப்பாயி சொல்வதில் பொருளிருக்கிறது. ஆயினும் முதுகொடிந்த தாய்மாருக்குப் பாரம் குறைய வேண்டும் என்ற பேரனின் எண்ணமும் நேர்மையானதே.

இருவரும் தங்களுக்குள்ளே சண்டையிடும்போது கேட்கப்படாமல் போகும் கேள்வி ஒன்று உண்டு: இயந்திரத்தால் வரும் இலாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு? பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு தொழிலைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணைவன் என்றார். ஆனால் அது தொழிலாளியின் வேலையைப் பறித்து, அவனைத் தனக்கு அடிமையாக்கினால் பகைவனாகவும் மாறலாம் என்று எச்சரித்தார். 2025 மே மாதம் தெரிவான பாப்பரசர் பதினான்காம் சிங்கராயர், 1891இல் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் சிங்கராயரை நினைத்தே தாம் இப்பெயரைத் தெரிந்ததாகச் சொன்னார். செயற்கை அறிவு கொண்டுவரும் மாற்றத்தின் முன் தொழிலாளியின் மாண்பைக் காக்க வேண்டும் என்பது அவர் தந்த காரணம். அப்பாயியும் பேரனும் ஒன்றாய் உட்கார்ந்து இக்கேள்வியை எழுதி, தொழிற்சங்கத் தலைவரிடமும் நிர்வாகத்திடமும் கொண்டுபோனால், அதுவே பயனுள்ள வாதம்.

வீட்டிலே கைக்கொள்ள

1. செய்தியை முழுவதும் வாசிக்காமல் கருத்துச் சொல்லாதிருங்கள். தலைப்பு செய்தியாகாது.

2. தேதியைப் பாருங்கள். பழைய செய்தி புதுச் சட்டை போட்டு வருவதுண்டு.

3. சொன்னவர் யார், அவருக்கு இதனால் ஆதாயம் உண்டா என்று கேளுங்கள்.

4. தவறான செய்தியை அனுப்பியவரைப் பலர் முன் அவமானப்படுத்தாதீர்கள். தனியாகக் கண்டு திருத்தும்படியே ஆண்டவர் கற்பித்தார் (மத். 18:15).

5. நீங்களே தவறான செய்தியை அனுப்பியிருந்தால், அனுப்பிய அத்தனை பேருக்கும் திருத்தத்தையும் அனுப்புங்கள். கெடுத்த பெயரை ஈடுசெய்யாமல் மனத்தாபம் நிறைவாகாது.

குடும்பமாகச் சிந்திக்க

அண்மையில் நம் வீட்டில் எந்தச் செய்தியைப் பற்றி வாக்குவாதம் நடந்தது? அதில் நடந்தது எது, சொன்னது எது, அஞ்சியது எது? அந்த வாதத்தின் பின் நம்மில் யாராவது ஒருவரோடு பேசாமல் இருக்கிறாரா?

இவ்வாரத் தீர்மானம்: அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த ஞாயிறு காணிக்கைக்கு முன் அவரிடம் போய்ப் பேசுவோம்.