ராவுல தெரியும் வெளிச்சம்

"மலை உச்சியில வெளிச்சம் கண்டேன்" என்று யாராவது சொன்னால், கொள்ளிவாய்ப் பிசாசு என்று பயப்படுவோம், இல்லாவிட்டால் சிரிப்போம். இரண்டும் வேண்டாம்.

நோர்வே நாட்டில் ஹெஸ்டாலன் என்றொரு மலைப் பள்ளத்தாக்கு. 1981 கடைசியிலிருந்து அங்குள்ள சனங்கள் இரவில் வெளிச்சங்களைக் கண்டார்கள். சில காலம் வாரத்துக்கு 20 தடவை வரை. 1984இல் ஆய்வாளர்கள் பனிக்குளிரில் தங்கி, கமராவும் ரேடாரும் வைத்துப் பார்த்தார்கள். 1998இல் தானாகப் படமெடுக்கும் நிலையம் அமைந்தது. விசாரித்ததில் பல, வாகன விளக்குகளும் விமானங்களும்தான். சிலவற்றுக்கு இன்றும் முடிவான விளக்கம் இல்லை.

நாம் கண்டால் எப்படிப் பிரிப்பது?

மினுக்கி மினுக்கிப் போனால் பெரும்பாலும் விமானம்.
மினுங்காமல் சில நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் செய்மதி. வரிசையாகப் போனால், ஒன்றாக ஏவிய செய்மதிகள்.
ஓரிரு செக்கனில் மறைந்தால் எரிநட்சத்திரம்.
பொழுது சாய்ந்ததும் மேற்கே, அல்லது விடியுமுன் கிழக்கே பளிச்சென்று நின்றால் வெள்ளிக் கிரகம்.

எதிலும் சேராவிட்டால் நேரம், திசை, எத்தனை நிமிடம் என்று கொப்பியில் உடனே குறியுங்கள். மறுநாள் லயத்தில் நாலு பேர் பேசினால் கதை வளர்ந்துவிடும். பிள்ளை ஓடிவந்து சொன்னால் அதட்டாதீங்க. "எந்தப் பக்கம்? எவ்வளவு நேரம்?" என்று கேளுங்க. கண்டதைக் கண்டபடி சொல்லப் பழகுவதும் படிப்புத்தான்.