ஹிட்சில் 3,500 கிலோ, வானில் 3,500 இறாத்தல்

“அண்ணை, மூண்டரைத் தொன் ஓஃப்றோட் ஹிட்ச் பூட்டினா சியன்னா மூண்டரைத் தொன் இழுக்கும்தானே?”

குளிர் விட்டதும் ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் கராஜுக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் எங்களிடம் விசாரிக்க வருவதில்லை. பிறந்தநாள் விழாவில் யாரோ சொன்னதை நம்பி, காம்பர் ட்ரெயிலருக்கு முற்பணமும் கட்டிவிட்டு, ஓமென்று தலையாட்டச் சொல்லி வருகிறார். தலையாட்ட மாட்டேன். இழுக்காது.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். ரொயோட்டா சியன்னா இழுக்கக்கூடிய உச்ச எடை 3,500. ஆஸ்திரேலியாவில் செய்யப்படும் குரூஸ்மாஸ்டர் டிஓ35 ஓஃப்றோட் ஹிட்சின் தாங்குதிறனும் 3,500. எண் ஒன்றாக இருக்கிறது, அலகு வேறு. வானுக்குரியது இறாத்தல், ஹிட்சுக்குரியது கிலோ. 3,500 இறாத்தல் 1,600 கிலோவுக்குக்கூட வராது. 3,500 கிலோவோ 7,700 இறாத்தலைத் தாண்டும். கடையில் இறைச்சியை இறாத்தலிலும் அரிசியைக் கிலோவிலும் வாங்கிப் பழகிய நாட்டில் இந்தக் குழப்பம் வரும்தான். ஆனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஓடப்போகிற ஒருவர் அலகைப் பார்க்காமல் காசு கட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டும் ஒரே அலகில் இருந்தாலும் கதை பிழைதான். ஹிட்சில் பொறித்திருக்கும் எண், அந்த இணைப்பு எவ்வளவு எடைவரை தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. பெரிய நுகம் பூட்டினால் மாட்டுக்குப் பலம் கூடுமா? வண்டி, அதன் அடியில் பூட்டும் ரிசீவர், அதற்குள் செருகும் தண்டு, பந்து, ட்ரெயிலரின் மூக்கிலுள்ள கப்ளர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. இவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. சியன்னாவும் ஹொண்டா ஒடிசியும் 3,500 இறாத்தலோடு நிற்கின்றன. சில றாவ்4 ஹைபிரிட்டுகளுக்கு 1,750 இறாத்தல்தான்.

எல்லையை மீறினால் என்ன நடக்கும்? ஹிட்சுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் “போன வருசம் இழுத்தேன், ஒண்டும் நடக்கேல்லையே” என்று சொல்கிறார்கள். வானின் பின்புறம் தாழும், முன்சில்லுகள் எழும். முன்சில்லால் ஓடும் வானில் இழுவையும் ஸ்ரியரிங்கும் பிறேக்கின் பெரும்பங்கும் அந்த முன்சில்லுகளில்தான் இருக்கின்றன. 400இலும் 11ஆம் நெடுஞ்சாலையிலும் வடக்கே ஏறும்போது கியர்பெட்டி கொதிக்கும், இறங்கும்போது பிறேக் கொதிக்கும். ட்ரெயிலரின் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் அதற்குத் தனி பிறேக் இருக்கவேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டம் சொல்வது இதனால்தான். மின்பிறேக் என்றால் அதை இயக்கும் கருவியை வானுக்குள்ளும் பூட்டவேண்டும். ஹிட்சுக்கு ஆயிரம் டொலர் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

அடுத்தது, “அல்கோன்குயின் காட்டுக்குப் போறதெண்டா ஓஃப்றோட் ஹிட்ச் கட்டாயம் வேணும்.” வேண்டாம். நம்மவர்கள் போகும் லேக் ஒஃப் டூ றிவர்ஸ் முகாம் 60ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. சாண்ட்பாங்ஸுக்கும் ரொறன்ரோவுக்குள்ளேயே இருக்கும் கிளென் ரூஜுக்கும் அப்படித்தான், நல்ல றோட். சரியான அளவுப் பந்து போதும்.

ஓஃப்றோட் ஹிட்ச் தேவைப்படும் இடம் வேறு. வடக்கே அரச காணிகளில் கனடாவில் வசிப்பவர்கள் ஓரிடத்தில் 21 நாள்வரை கட்டணமின்றி முகாமிடலாம். அங்கே போகும் மரம்வெட்டும் பாதைகளில், வண்டி ஒருபக்கம் சரியும் நேரத்தில் ட்ரெயிலர் மறுபக்கம் சரியும். சாதாரணப் பந்தும் கப்ளரும் கொஞ்சம்தான் முறுகும். பிறகு உலோகம் உலோகத்தில் முட்டி நெம்பத் தொடங்கும். டிஓ35, லொக் அன் ரோல் போன்றவை முழுச்சுற்றும் சுழன்று கொடுப்பதால் அந்த நெம்பல் இல்லை. இராணுவ வண்டிகளில் காணும் பின்டில் கொக்கியும் வளையமும் உறுதியானவை, ஆனால் இடைவெளி இருப்பதால் தார் றோட்டில் ஓயாமல் அடித்துக்கொண்டு வரும். டிஓ35க்குப் பந்துக்குப் பதிலாக ஓர் ஊசி வேண்டும். நடுக்காட்டில் உங்கள் வண்டி படுத்தால் வெறும் பந்தோடு வரும் நண்பரால் உங்கள் ட்ரெயிலரைக் கொளுவ முடியாது. மேலதிக ஊசி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மினிவானில் போகிறவருக்கு இந்தப் பிரச்சினையே வராது. அந்தப் பாதையில் வானின் வயிறு முதல் கல்லிலேயே தட்டிவிடும்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. “பந்து கொஞ்சம் சின்னனெண்டாலும் பூட்டுது”: பூட்டும், முதல் பெரிய குழியில் கழன்றும் வரும். 1 7/8 அங்குலம், 2 அங்குலம் என்று கண்ணால் மட்டிடாதீர்கள், கப்ளரில் பொறித்திருக்கும் அளவையே வாங்குங்கள். “பூட்டுள்ள ஹிட்சுக்குச் சங்கிலி தேவையில்லை”: ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும்படி இரண்டு தனித்தனி இணைப்புகள் இருக்கவேண்டும் என்பது சட்டம். இரண்டு சங்கிலிகளையும் குறுக்காகப் போடுங்கள், மூக்கு கழன்றால் தாங்கிக்கொள்ளும். “பிள்ளையள் காம்பருக்குள்ள படுத்துக்கொண்டு வரட்டும்”: ஒன்ராறியோவில் அது குற்றம். கேட்கவே வேண்டாம்.

ஹிட்ச் வாங்க வருகிற எல்லாரையும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூக்கு எடை எவ்வளவு? ட்ரெயிலரின் மூக்கு பந்தின்மேல் அழுத்தும் எடை, ஏற்றிய ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் இருக்கவேண்டும். கூலர்பெட்டி, தண்ணீர்க் கான், அடுப்பு எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கினால் இது குறையும், ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். எந்த விலையுயர்ந்த ஹிட்சும் அதை நிறுத்தாது. கூடினாலும் பிரச்சினை, 350 இறாத்தல் மூக்கு என்றால் வானின் பின்னால் இரண்டு பெரியவர்கள் நிற்கிற கணக்கு. சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளிலுள்ள, ஆட்களும் சுமையும் சேர்ந்த எடை எல்லைக்குள் அதுவும் அடங்கவேண்டும்.

குளியலறைத் தராசு போதும். உறுதியான பலகை ஒன்றின் ஒரு முனையைக் கல்லிலும் மறுமுனையைத் தராசிலும் மட்டமாக வையுங்கள். கல்லிலிருந்து ஓரடியில், தராசிலிருந்து இரண்டடியில் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். சில்லுகளுக்குக் கட்டை வைக்க மறக்கவேண்டாம்.

அடுத்த லோங் வீக்கெண்டுக்கு முன், சாமான் எல்லாம் ஏற்றியபின் இதைச் செய்து, வந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஹிட்சைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.